அம்மா பாடினாள், அம்மா பாடுவாள்

அன்புள்ள ஐயா,

கணவரின் வேலைக்காக வலென்சியா வந்து எட்டு மாதமாகிறது. கடைக்குப் போய்வரும் அளவுக்கு ஸ்பானிஷ் வந்துவிட்டது. போன வாரம் எதிர்வீட்டுப் பாட்டியிடம், இறந்துபோன என் அம்மாவைப் பற்றிச் சொல்ல ஆசைப்பட்டு 'மி மாத்ரே கன்தோ', அதாவது அம்மா பாடினாள், என்று ஆரம்பித்தேன். "என்றைக்கு?" என்று கேட்டார். அதற்கு மேல் எனக்குப் பேச வரவில்லை. எங்கே தவறினேன்?

வி.

அன்புள்ள வி,

பாட்டி சரியாகத்தான் கேட்டிருக்கிறார். 'கன்தோ' என்றதும், என்றோ ஒருநாள் பாடினாள், அந்தக் கதை இனி வரும் என்று காத்திருந்திருப்பார். நீங்கள் சொல்ல நினைத்தது 'கன்தாபா'. இரண்டும் இறந்தகாலம்தான். ஆங்கிலம் வழியாகப் படித்தால் இங்கே குழப்பம் வரும். தமிழ் வழியாகப் போங்கள். ஊரில் அம்மாவைப் பற்றி எப்படிப் பேசுவீர்கள்? "விடியுமுன் எழுந்துவிடுவாள், மாவு கரைத்துக்கொண்டே பாடுவாள்." அம்மா போய் எத்தனை வருஷமானாலும் 'பாடுவாள்'தான். எதிர்காலம் காட்டும் அதே 'வ்'வை வைத்துத்தான் பழைய வழக்கத்தையும் சொல்கிறோம். நினைவில் அந்தப் 'பாடுவாள்' வருகிற இடத்திலெல்லாம் கன்தாபா.

உணர்ச்சிக்கு இந்த வழி போதாது. அங்கே 'இருந்தது', 'வந்தது' என்று பிரித்துப் பாருங்கள். 'தெனீயா மியேதோ' என்றால் பயமாக இருந்தது. 'தூவே மியேதோ' என்றால் சட்டென்று பயம் வந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் முதலாவது; டாக்டர் கதவைத் திறந்த நொடி இரண்டாவது.

அப்புறம், 'மே குஸ்தா' நம்முடைய 'எனக்குப் பிடிக்கும்' மாதிரியே. எனக்கு மிகப் பிடித்தது 'சே மே ஒல்விதோ'. 'ஒல்விதே' என்றால் மறந்தேன். இது 'எனக்கு மறந்துபோச்சு'. மறதி தானாக வந்து நம்மீது விழுந்தது என்று சொல்ல இரண்டு மொழியிலும் இடமிருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. 'எனக்கு ஞாபகமிருக்கிறது' என்று சொல்ல 'மே அக்குவெர்தோ' என்பார்கள். அந்த 'மே'யை 'எனக்கு' என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அங்கே வினை 'நான்' என்பதற்கு ஏற்பத்தான் மாறும். ஆனால் ஒருவரைப் பார்த்து இன்னொருவர் ஞாபகம் வந்தால், அந்த 'மே' நம் 'எனக்கு'தான். அடுத்த முறை பாட்டியைப் பார்க்கும்போது இதைச் சொல்லுங்கள்: 'ஊஸ்தேத் மே ரெக்குவெர்தா ஆ மி மாத்ரே'. உங்களைப் பார்த்தால் எனக்கு அம்மா ஞாபகம் வருகிறது. அவர் ஏதாவது கேட்பார். அப்போது கன்தாபாவில் ஆரம்பியுங்கள்.