நம்பும்படி இல்லையாம்!

கேள்வி: கிழவனாகப் பிறந்து, வயது குறைந்துகொண்டே போய், குழந்தையாகச் சாகும் ஒருவனைப் பற்றிய 'த கியூரியஸ் கேஸ் ஒஃப் பெஞ்சமின் பட்டன்' படத்தை வீட்டில் எல்லோருமாக இருந்து பார்த்தோம். மனைவி கடைசி அரை மணி நேரமும் அழுதார். மகன் நடுவிலேயே எழும்பிப் போய்விட்டான். என் நண்பரான ஓர் ஆசிரியர் இதைவிட நல்ல படம் வந்ததில்லை என்கிறார். மூன்று வருடம் படுக்கையில் கிடந்த என் அம்மாவின் ஆண்டுத் திவசம் முடிந்த கையோடு பார்த்ததாலோ என்னவோ, எனக்கு மனம் ஒட்டவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாகக் கதை நம்பும்படி இல்லை. ஒரே படத்துக்கு ஏன் இத்தனை விதமான அபிப்பிராயம்?
– வாசகர், களுவாஞ்சிக்குடி

பதில்: நம்பும்படி இல்லையா? களுவாஞ்சிக்குடியில் இருந்துகொண்டு இதை எழுத உங்களுக்கு எப்படி ஐயா மனம் வந்தது? வயது பின்னோக்கிப் போவதை நம்பாத ஒருவர் மட்டக்களப்பு மாவட்டத்தில் இருக்கிறார் என்பதுதான் என்னால் நம்ப முடியாத செய்தி.

1978 நவம்பர் 23 சூறாவளியில் கூரை போன வீடுகளில் பெட்டியும் போனது, பெட்டிக்குள் இருந்த பிறப்புப் பத்திரங்களும் போயின. அதற்குப் பிறகு இடப்பெயர்வுகள். அதற்கும் பிறகு 2004 டிசம்பரில் கடல். பதிவு இருந்தால் பிரதி எடுக்கலாம். பதிவே இல்லாதவர்களுக்கு அரசாங்கம் 'உத்தேச வயதுச் சான்றிதழ்' என்று ஒன்று வைத்திருக்கிறது. அது இல்லாவிட்டால் எத்தனையோ ஏழைப் பிள்ளைகளுக்கு அடையாள அட்டையே கிடைத்திருக்காது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 'உத்தேசம்' என்ற கதவைத் திறந்துவிட்டால் உள்ளே வருபவர்கள் எல்லோரும் ஏழைப் பிள்ளைகளாகவா இருப்பார்கள்?

உங்கள் ஊரிலும் அப்படி ஒருவர் இருப்பார், யோசித்துப் பாருங்கள். கல்யாணப் பேச்சில் அவருக்கு முப்பது. அரசாங்க வேலைக்கு விண்ணப்பிக்கும்போது வயதெல்லைக்குள் அடங்கும்படி இன்னும் இரண்டு குறைவு. ஓய்வு பெறும் வயது நெருங்க நெருங்க, 'எனக்கு இன்னும் அவ்வளவு ஆகவில்லையே' என்று ஒரு தவிப்பு. ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் பார்த்தால், 70 வயது தாண்டியவர்களுக்கான முதியோர் கொடுப்பனவு எப்போது கிடைக்கும் என்று கிராம உத்தியோகத்தரின் வாசலில் நிற்கிறார். இதற்கிடையில் ஒழுங்கான பிறப்புச் சான்றிதழ் வைத்திருந்த அவருடைய தம்பி, கடதாசியில் அவருக்கு அண்ணனாகிவிட்டார். 'பெரியப்பா, சித்தப்பா' முறை மாறிவிட்டதே என்று பிள்ளைகள் முழிக்கிறார்கள். பெஞ்சமின் பட்டன் 84 வருடம் மெனக்கெட்டுச் செய்ததை இவர் பிரதேச செயலகத்துக்கு நாலு நடை நடந்தே முடித்துவிட்டார். ஒஸ்காரை யாருக்குக் கொடுப்பது?

'நம்பும்படி இல்லை' என்ற குற்றச்சாட்டு இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. சில வருடங்களுக்கு முன் ஒரு விமர்சகர் (பெயர் வேண்டாம், இன்னும் கோபமாக இருக்கிறார்) நம் ஊரில் விடிய விடிய ஆடுகிற வடமோடிக் கூத்தைப் பற்றி இதையேதான் எழுதினார். அறுபது வயதுக்காரர் அபிமன்யுவாக வருகிறார், மீசை மழித்த ஆண் சுபத்திரையாக வருகிறார், நவீன மனிதன் இதை எப்படி நம்புவது என்று கேட்டார். கூத்தை ஒரு மணி நேரத்துக்குச் சுருக்கி, பாத்திரத்துக்குப் பொருத்தமான வயதில் ஆள் போட வேண்டுமாம். நான் பதில் எழுதினேன், அவர் அதற்குப் பதில் எழுதினார், மூன்று இதழ்கள் வீணாகின. இப்போதும் சொல்கிறேன்: கூத்தாடும் களரியைச் சுற்றி நாலு பக்கமும் இருக்கிற சனத்துக்கு அபிமன்யுவாக வருகிற அந்த ஆள் யாரென்று தெரியும், முழங்கால் வலிக்கு எங்கே எண்ணெய் வாங்குகிறார் என்பதும் தெரியும். கூத்தைப் பழக்கிய அண்ணாவியார் மத்தளத்தில் கை வைத்து, அந்த மனிதர் கூடை போல விரிந்த கரப்புடுப்போடு வரவாட்டம் ஆடி முடிக்கும்போது, சனத்துக்கு முன்னால் நிற்பது பதினாறு வயதுப் பையன். சக்கரவியூகத்துக்குள் அவன் போகும்போது அழாத கிழவியை எனக்குக் காட்டுங்கள். அந்தப் பதினாறு வயதுக்கு ஆன செலவு கொஞ்சம் அரிதாரம்.

படத்துக்கு வருகிறேன், கோபிக்காதீர்கள். டேவிட் ஃபிஞ்சர் 2008இல் எடுத்த அந்தப் படத்தின் பிரச்சினை நீங்கள் சொன்னதற்கு நேர்மாறானது. நம்பவைக்கப் பாடுபட்டே அது களைத்துப்போகிறது. ஆரம்பத்தில் வெகுநேரம் நாம் பார்க்கும், பெஞ்சமினாக நடித்த பிராட் பிட்டின் கிழட்டு முகம் கணினியில் செய்து வேறு நடிகர்களின் உடம்பில் வைத்தது. சுருக்கம் சுருக்கமாகச் செய்திருக்கிறார்கள். 13 பிரிவுகளில் ஒஸ்காருக்குப் போய் வென்றவை எவை என்று பாருங்கள்: கலை இயக்கம், ஒப்பனை, காட்சி விளைவுகள். மூன்றும் பட்டறைக்காரர்களுக்கு. கதைக்கும் நடிப்புக்கும் ஒன்றுமில்லை. இந்தப் படத்துக்கு இசையமைத்த அலெக்சாண்டர் டெஸ்பிளாவும் போட்டியில் இருந்தார். அன்றைக்கு மேடையேறி 'எல்லாப் புகழும் இறைவனுக்கே' என்று தமிழில் சொன்னவர் ஏ.ஆர். ரஹ்மான். அந்தச் சந்தோஷத்தில் தோற்றவர் யார் என்று நாம் யாரும் விசாரிக்கவில்லை. அது இருக்கட்டும்.

உங்கள் மகன் எழும்பிப் போனதற்கு அவனைக் குறை சொல்லாதீர்கள். 166 நிமிடப் படத்தில், இவ்வளவு விசித்திரமான பிறவி எடுத்த ஒருவன் விசித்திரமாக ஒன்றுமே செய்வதில்லை. கப்பலில் போகிறான், காதலிக்கிறான், எல்லாவற்றையும் சாந்தமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறான். இளசுகளுக்கு அலுக்காமல் என்ன செய்யும்? அமெரிக்க எழுத்தாளர் ஃபிற்ஜெரால்ட் 1922இல் எழுதிய மூலக் கதை சின்னது, குறும்பும் குரூரமும் கலந்தது. அதில் மனைவிக்கு வயது ஏற ஏற இவனுக்கு அவள் மேல் சலிப்பு வருகிறது. பெற்ற மகனே, 'ஆட்கள் முன்னால் என்னை மாமா என்று கூப்பிடு' என்று அப்பனிடம் சொல்கிறான். கடைசியில் பேரனோடு பாலர் பாடசாலைக்குப் போகிறான். சிரித்துக்கொண்டே வாசிப்போம், பிறகு தொண்டையில் ஏதோ சிக்கும். திரையில் அந்தக் குரூரத்தைக் கழுவி எடுத்துவிட்டு நீண்ட காதல் கதையாக்கிவிட்டார்கள். உங்கள் ஆசிரிய நண்பர் அந்தக் கதையைத் தேடி வாசித்துவிட்டு, 'இதைவிட நல்லது வந்ததில்லை' என்று மறுபடியும் சொல்லட்டும், கேட்கலாம்.

எனக்கு வேறு ஒரு கோபமும் உண்டு. மகள் பிறந்து ஒரு வயதாகும்போது, 'நீ இரண்டு பிள்ளைகளை வளர்க்க முடியாது' என்று சொத்தை விற்றுக் காசை வைத்துவிட்டுப் பெஞ்சமின் போய்விடுகிறான். அதைத் தியாகம் என்று சொல்பவர்கள் அநேகமாக ஆண்கள். நம்முடைய பக்கத்தில் இது நடக்குமா? இங்கே வீடு பெண்ணுடையது, மாப்பிள்ளைதான் அங்கே வந்து இருக்கிறவர். இரவில் எழும்பிப் போனால் மாமியார் விடிவதற்குள் கல்முனை பஸ் நிலையத்தில் வைத்துப் பிடித்திருப்பார். 'குழந்தையாகப் போறீங்களா மகன்? ஆகுங்க, இரண்டோட மூன்றாக நான் வளர்க்கிறன்' என்று கையைப் பிடித்துக் கூட்டிவந்திருப்பார். படம் அந்த இடத்திலேயே முடிந்திருக்கும், நேரமும் மிச்சம்.

ஆனால் கடைசி அரை மணி நேரத்தைப் பற்றி என்னிடம் பகிடி கிடையாது. அவன் ஒரு பையனாகத் திரும்பக் கிடைக்கிறான், யாரையும் தெரியவில்லை, சாப்பிட்டதை மறந்துவிட்டு இன்னும் சாப்பிடவில்லை என்று அடம்பிடிக்கிறான். அவன் விட்டுப்போன, வயதாகிவிட்ட காதலி டெய்சி அவனுக்காகவே முதியோர் இல்லத்துக்கு வந்து தங்கி, வாசித்துக் காட்டுகிறாள், நடை பழக்குகிறாள், கடைசியில் மடியில் வைத்திருக்கிறாள். அந்த இடத்தில் கணினியும் இல்லை, தத்துவமும் இல்லை. டெய்சியாக நடித்த கேட் பிளாஞ்செட்டின் கைகள் மட்டும்தான். பிள்ளையின் முகம், கிழவரின் மறதி. அதற்கு முன்னால் இருந்த இரண்டு மணி நேரத்தையும் அந்த ஒரு காட்சிக்காக நான் மன்னித்துவிட்டேன்.

சரி, உங்கள் கேள்வி: ஏன் இத்தனை விதமான அபிப்பிராயம்? அம்மா மூன்று வருடம் படுக்கையில் கிடந்தார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவருக்குக் கஞ்சி பருக்கியது யார், படுக்கை விரிப்பை மாற்றியது யார், 'நீ யார் புள்ள?' என்று நடுச்சாமத்தில் அவர் கேட்டபோது பதில் சொன்னது யார் என்பதை மட்டும் எழுதவில்லை. எனக்கு ஓர் ஊகம் இருக்கிறது. அழுதவர் அந்தப் படத்தை ஏற்கெனவே ஒரு தடவை பார்த்தவர் ஐயா, உங்கள் வீட்டுப் பின்னறையில்.

கடிதத்தோடு நீங்கள் இணைத்திருந்த பன்னிரண்டு பக்க விமர்சனமும் கிடைத்தது. தலைப்பே ஒன்றரை வரி வருகிறது. மூன்று பக்கமாகச் சுருக்கி அனுப்பினால் யோசிக்கலாம். உங்கள் மனைவி எழுதுவதாக இருந்தால் பக்கக் கட்டுப்பாடு கிடையாது, அடுத்த இதழிலேயே இடம் ஒதுக்கி வைக்கிறேன்.