பாரமீசியமும் சீனியர் அண்ணன் நோட்டும்

அன்புள்ள ஐயா,

நுண்ணுயிரியல் முதலாண்டு மாணவன். ‘விப்ரியோ’ என்ற பாக்டீரியாப் பெயரை வைத்தவர் டென்மார்க்கின் ஒட்டோ ஃப்ரெடரிக் முல்லர் என்று வகுப்பில் சொன்னார்கள். தேடிப் படித்தேன். பணக்கார விதவையை மணந்து, அரசுப் பதவியை விட்டுவிட்டு ஆராய்ச்சியில் இறங்கியிருக்கிறார். வசதி இருந்தால்தான் அறிவியலா? அவருடைய வகைப்பாடும் பெரும்பாலும் மாறிவிட்டது. கேமரா வந்தபிறகு அவர் வரைந்த படங்களால் என்ன பயன்?

(பெயர் வேண்டாம் என்கிறார்)

அன்புள்ள தம்பி,

கல்யாணம் நடந்தது 1773-ல். அதற்கு வெகுமுன்பே, ஷூலின் பிரபு வீட்டில் பாடம் சொல்லிக்கொடுத்த நாட்களில், ஃப்ரெடரிக்ஸ்டால் பண்ணைப் பூச்சிகளைப் பற்றி 1764-ல் புத்தகம் போட்டுவிட்டார். மனைவி வீட்டுக் காசில் முளைத்த ஆசை அல்ல. வகைப்பாடு மாறியதா? மாறட்டும்.

கேமரா என்றீர்களே, அங்கேதான் கோபம் வருகிறது.

நான் விலங்கியல் படித்தவன். ரெக்கார்டு நோட்டில் பாரமீசியம் என்ற ஒற்றைச் செல் உயிரை வரையவேண்டும். நுண்ணோக்கியில் ஒருமுறைகூடக் கண்ணை வைக்காமல், ஒரு சீனியர் அண்ணனின் நோட்டைப் பார்த்துச் செருப்பு மாதிரி வரைந்தேன். அவர் தன் சீனியரைப் பார்த்து வரைந்தவர். உடலில் சேரும் நீரை வெளியேற்றும் சுருங்கும் நுண்குமிழ்களில் ஒன்றை அவர் வரையாமல் விட்டிருந்தார், நானும் விட்டேன். பத்துக்கு ஒன்பது! பாரமீசியத்தில் ‘அவுரேலியா’ என்ற வகைக்குப் பெயர் வைத்ததும் முல்லர்தான் என்று பிறகு படித்தபோது கூசியது.

கடற்கரை நீரில் அவர் ஒரு விசித்திரத்தைப் பார்த்தார். குச்சி குச்சியாக ஒட்டிக்கிடக்கும் செல்கள். ஒன்றையொன்று உரசி வழுக்கி நீளமாகின்றன, மறுபடி வந்து அடுக்காகின்றன. ஒரு படத்தில் அடங்குமா இது? நிலை நிலையாக வரைந்தார். வரைகிற கை சும்மா இருக்காது தம்பி. எத்தனை குச்சி, எது முதலில் நகர்ந்தது, நுனி எங்கே நின்றது என்று கண்ணைக் கேட்டுக்கொண்டே இருக்கும். பொத்தானை அழுத்துகிற விரல் எதையும் கேட்காது. அதை விப்ரியோக்களோடு சேர்த்தார், தப்புதான். இன்று அது பேசிலாரியா என்ற டயாட்டம், ஒற்றைச் செல் பாசி வகை. ஆனால் தப்பான பெயருக்குக் கீழே இருந்த படத்தைப் பார்த்தாலே இன்ன உயிர் என்று தெரிகிறதே!

1784-ல் போய்ச்சேர்ந்தார். கிரீன்லாந்தில் மதப்பணி செய்து திரும்பிய ஒட்டோ ஃபப்ரீசியஸ் அந்தப் படங்களைத் தொகுத்து 1786-ல் நூலாகக் கொண்டுவந்தார்.

விடுமுறையில் குளத்துத் தண்ணீர் ஒரு சொட்டு எடுத்து, பார்த்து, வரைந்து அனுப்புங்கள். சீனியர் நோட்டிலிருந்து எடுத்தால் கண்டுபிடித்துவிடுவேன். ஒரு குமிழ் குறையும்.