மொரீசியசில் ஈரநிலம், பறவை வாழிடம் மீட்கும் வேலைக்கு யார் பணம் தருகிறார்கள்? சின்னக் குழு கேட்டால் கிடைக்குமா?

கிடைக்கும். செடி நடுவதற்குச் சுலபமாகக் கிடைக்கும். நட்டதைக் காப்பாற்றுவதற்குத்தான் அலைய வேண்டியிருக்கும். நான் மாயேபூர் பக்கம் தமிழ் வாத்தியார். எங்கள் கிராமத்துக் குழுவோடு ஏழு வருடமாகச் சனிக்கிழமைதோறும் சேற்றில் இறங்குகிறேன். அந்த அனுபவத்தில்தான் சொல்கிறேன்.

ராம்சார் பட்டியலில் (உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியல்) ஓர் இடம் சேர்ந்துவிட்டால் பணம் தானாக வரும் என்று பலர் நம்புகிறார்கள். நம் நாட்டில் அப்படி மூன்று இடங்கள் உண்டு: தேர் ரூஜ் கழிமுகப் பறவைகள் சரணாலயம் (2001), புளூ பே கடல் பூங்கா (2008), புவாந்த் தெஸ்னி ஈரநிலம் (2011). அந்த அங்கீகாரத்தோடு காசோலை எதுவும் வராது. விண்ணப்பத்தில் எழுத நல்ல பெயர், அவ்வளவுதான்.

சின்னக் குழு முதலில் தட்ட வேண்டிய கதவு, ஜி.இ.எஃப். என்னும் உலகச் சுற்றுச்சூழல் நிதியத்தின் சிறு மானியத் திட்டம். ஐ.நா. வளர்ச்சித் திட்டமான யு.என்.டி.பி. வழியாக நடக்கிறது. ஒரு திட்டத்துக்கு அதிகபட்சம் 50,000 டாலர் என்று நெடுநாள் இருந்தது, இப்போதைய வரம்பைக் கேட்டுக்கொள்ளுங்கள். குழுவும் தன் பங்கைப் போட வேண்டும் என்பார்கள். அதைக் கேட்டுப் பயந்துவிடாதீர்கள். உங்கள் உழைப்பு, மீனவர் தரும் படகு, கோயில் மண்டபத்தில் நடத்தும் கூட்டம் எல்லாமே பங்காகக் கணக்கில் சேரும். அதனால் யார் எத்தனை மணி நேரம் வேலை செய்தார் என்பதை முதல் நாளிலிருந்தே நோட்டில் எழுதி வையுங்கள். நாங்கள் எழுதவில்லை. பிறகு கணக்குக் காட்ட முடியாமல் தவித்தோம்.

அடுத்தது சி.எஸ்.ஆர். பணம், அதாவது கம்பெனிகள் சமூகப் பணிக்கு ஒதுக்கும் பணம். 2009 முதல் கம்பெனிகள் லாபத்தில் 2 சதவீதம் ஒதுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. முன்பெல்லாம் தெரிந்த மேலாளரைப் பார்த்துப் பேசினால் போதும். 2017-க்குப் பிறகு அதில் பெரும்பகுதி வரி அலுவலகம் வழியாகத் தேசிய சி.எஸ்.ஆர். அறக்கட்டளைக்கு (பிறகு தேசியச் சமூக உள்ளடக்க அறக்கட்டளை என்று பெயர் மாறியது) போய்விடுகிறது. ஆகவே இப்போது அங்கே விண்ணப்பிக்க வேண்டும். குழு முறையாகப் பதிவாகியிருக்க வேண்டும், வரவு செலவு சுத்தமாக இருக்க வேண்டும்.

சரி, பணம் வந்தது என்று வையுங்கள். எங்களுக்கும் ஒருமுறை ஒரு கம்பெனி கொடுத்தது. கன்று, குழி வெட்டக் கூலி, பெயர்ப் பலகை, படம் எடுக்க ஒரு ஆள், எல்லாவற்றுக்கும் காசு இருந்தது. களை எடுக்க ஒரு ரூபாய் இல்லை. கேட்டதற்கு, அது திட்டத்தில் வராது என்றார்கள். ஒரே மழைக்காலத்தில் சவுண்டல் மண்டிவிட்டது. இங்கே அதை அக்காசியா என்பார்கள். முழங்கால் உயரத்தில் இருக்கும்போதே வேர் ஆழமாகப் போயிருக்கும். இரண்டு கையால் இழுத்தாலும் பட்டை உரிந்து கையோடு வருமே தவிர வேர் வராது. வெட்டினால் அதே அடியிலிருந்து நாலு தளிர் விடும். காய் வெடித்து விழுந்த விதை மண்ணில் வருடக்கணக்கில் காத்துக் கிடக்கும். இரண்டாம் வருடம் போய்ப் பார்த்தபோது எங்கள் கன்றுகள் நிழலில் வெளுத்து நின்றன. பாதிக்கு மேல் செத்துவிட்டன. இன்று நினைத்தாலும் வயிறு எரிகிறது.

அதிலிருந்து எந்த விண்ணப்பத்திலும் குறைந்தது மூன்று வருடக் களையெடுப்புக் கூலியைத் தனி வரியாக எழுதுகிறோம். பணம் தருபவர்கள் அந்த வரியை நீக்கினால் கன்றுகளின் எண்ணிக்கையையும் குறைத்துவிடுகிறோம். நூறு நட்டு எண்பது பிழைத்தால் போதும்.

பக்கத்திலேயே இருக்கும் இல் ஓ எக்ரெத் தீவைப் பாருங்கள். வெறும் 26 ஹெக்டேர். 1965-லேயே காப்பிடமாக அறிவித்தார்கள். விறகுக்கு வெட்டி அழித்த கருங்காலிக் காட்டை மொரீசியஸ் வனவிலங்கு அறக்கட்டளை பல ஆண்டுகளாகக் களை பிடுங்கிப் பிடுங்கித்தான் மீட்டது. இளஞ்சிவப்புப் புறாவைக் கொண்டுவந்து விட்டார்கள். அழிந்துபோன நம் ஆமைகளுக்குப் பதிலாக அல்டாப்ரா தீவின் ராட்சத ஆமைகளை விட்டார்கள். அவை பழத்தைத் தின்று கருங்காலி விதையைப் பரப்புகின்றன. சுற்றுலாப் பயணிகள் கொடுக்கும் கட்டணம் இந்த வேலைக்கு உதவுகிறது. வருடா வருடம் வரும் வருமானம் என்பதால் களையெடுப்புக்கு இதுபோல வேறொன்றும் பொருந்தாது.

ஆனால் அதை மட்டும் நம்பவும் கூடாது. 2020-ல் கொரோனாவால் எல்லையை மூடியதும் பயணிகள் நின்றார்கள். அதே வருடம் ஜூலை 25-ல் வகாஷியோ கப்பல் புவாந்த் தெஸ்னி அருகே பவளத்திட்டில் ஏறியது. ஆகஸ்ட் 6 முதல் எண்ணெய் கசிந்தது. எண்ணெயைத் தடுக்க நாங்கள் மாயேபூர்க் கரையில் உட்கார்ந்து கரும்புச் சோகையை வலைத்துணியில் திணித்துத் தைத்தோம். சோகை அறுத்த விரல்களில் எண்ணெய் பட்டு எரிந்தது. உலகம் முழுவதிலிருந்தும் நன்கொடை வந்தது. அப்படிப் பதறிக் கொடுக்கும் பணம் அடுத்த செய்தி வந்ததும் நின்றுவிடும். அதனால் மானியம், சி.எஸ்.ஆர்., சொந்த வருமானம் என்று இரண்டு மூன்று வழிகளைக் கலந்து வையுங்கள்.

அப்புறம், எந்தப் படிவத்தையும் நிரப்பும் முன் அந்த நிலம் யாருடையது என்று விசாரியுங்கள். இங்கே பல ஈரநிலங்கள் தனியார் பட்டாவில் இருக்கின்றன. கடலோர அரசு நிலத்திலும் நிறைய குத்தகைக்குப் போயிருக்கிறது. நட்டு முடித்த பிறகு உரிமையாளர் மண் கொட்டி மேடாக்கினால் ஒன்றும் செய்ய முடியாது. குறைந்தது பத்து வருடத்துக்கு அவரிடமிருந்து எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். விண்ணப்பத்தோடு முதல் தாளாக அதை வையுங்கள்.