‘ஃப்ளாண்ட்’ என்று எழுதலாமா? காட்டுதலுக்கான ஆங்கில வினைச்சொற்கள்

கேள்வி: மதுரை விளக்குத்தூண் அருகே சுங்குடிச் சேலைக் கடை வைத்திருக்கிறோம். வெளிநாட்டுப் பயணிகளுக்குக் கொடுப்பதற்காக ஆங்கிலத்தில் ஒரு துண்டறிக்கை எழுதினோம். ‘ஷோ’ என்ற சொல்லே திரும்பத் திரும்ப வந்ததால், ஒத்தசொல் அகராதியைப் பார்த்து ‘ஃப்ளாண்ட்’, ‘எக்ஸிபிட்’, ‘பரேட்’ என்று மாற்றிப் போட்டோம். கல்லூரியில் படிக்கும் மகள் முதல் வரியைப் பார்த்ததுமே சிரிக்கிறாள். என்ன தவறு?

பதில்: மகள் சிரித்ததில் நியாயம் இருக்கிறது. ‘வீ ஃப்ளாண்ட் அவர் சுங்குடி சாரீஸ்’ என்பதைப் படிக்கும் ஆங்கிலேயருக்கு, ‘எங்கள் சேலைகளை வைத்துக்கொண்டு நாங்கள் பவுசு காட்டுகிறோம்’ என்றுதான் பொருள்படும். ஒத்தசொல் அகராதி இந்த வினைச்சொற்களை எல்லாம் ஒரே பந்தியில் உட்கார வைத்துவிடுகிறது. ஆனால் அவற்றில் சில, நடந்த செயலை மட்டும் சொல்பவை. வேறு சில, அதைச் செய்தவரைப் பற்றிச் சொல்பவர் என்ன நினைக்கிறார் என்பதையும் சேர்த்துச் சொல்பவை. தமிழிலும் ‘காட்டினான்’ என்பதற்கும் ‘பீற்றிக்கொண்டான்’ என்பதற்கும் உள்ள தூரம் இதுவே. இரண்டாம் வகைச் சொல்லைப் பிறரைப் பற்றிப் பேசும்போது பயன்படுத்தலாம். நம்மைப் பற்றி நாமே எழுதும் வியாபார அறிக்கையில் அதற்கு இடமில்லை.

உங்கள் கடைக்கு மிகவும் பொருந்தும் சொல் ‘டிஸ்ப்ளே’. இதன் லத்தீன் மூலத்துக்கு மடிப்பைப் பிரிப்பது என்று பொருள். வாடிக்கையாளர் கேட்டதும் அடுக்கிலிருந்து ஒரு சேலையை உருவி, உதறி, பாய்மேல் விரித்துப் போடுகிறீர்களே, அந்தச் செயல்தான் இச்சொல்லின் பிறப்பு. இதில் புகழ்ச்சியும் இல்லை, ஏளனமும் இல்லை. 1959-இல் திறக்கப்பட்ட நம் காந்தி நினைவு அருங்காட்சியகத்தில், சுடப்பட்ட நாளில் காந்தி அணிந்திருந்த இரத்தக்கறை படிந்த துணி ‘ஆன் டிஸ்ப்ளே’ என்று எழுதலாம். அங்கே ‘ஃப்ளாண்ட்’ என்று எழுதினால் படிப்பவர் பதறிப்போவார்.

‘எக்ஸிபிட்’ சற்று விறைப்பானது. சித்திரைப் பொருட்காட்சியில் அரங்கு எடுத்துச் சரக்கை வைத்தால் அது பொருந்தும். நோயாளியிடம் தென்படும் அறிகுறிக்கு மருத்துவரும், வழக்கின் சான்றுப் பொருளுக்கு நீதிமன்றமும் அதே சொல்லைத்தான் எடுக்கிறார்கள். கடை வாசலுக்கு அது தேவையில்லை.

‘ஃப்ளாண்ட்’ பற்றி இன்னும் இரண்டு செய்திகள் உண்டு. விளம்பரங்களிலும் சினிமாச் செய்திகளிலும் நடிகை ஒருவர் புதுச் சேலையை ‘ஃப்ளாண்ட்’ செய்ததாகப் பாராட்டாகவே எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள். வாங்குபவரைப் பார்த்து ‘நீங்கள் உடுத்திக் கலக்குங்கள்’ என்னும் தொனியில் அது செல்லும். விற்பவர் தன்னையே சொல்லிக்கொள்ளும்போது செல்லாது. அடுத்தது, இதையும் ‘ஃப்ளவுட்’ என்பதையும் குழப்பிக்கொள்வது. தலைக்கவசம் இல்லாமல் வண்டி ஓட்டுபவர் விதியை ‘ஃப்ளவுட்’ செய்கிறார், அதாவது துச்சமாக மீறுகிறார். ‘ஃப்ளாண்ட்’ என்பதையே மீறுதல் என்ற பொருளில் எழுதும் பழக்கம் ஆங்கிலேயரிடமும் பரவி, மெரியம் வெப்ஸ்டர் அகராதியில் பதிவாகிவிட்டது. ஆனாலும் கவனமாக எழுதுபவர்கள் அதைப் பிழையென்றே கருதுகிறார்கள். நானும் அந்தக் கட்சிதான்.

துண்டறிக்கையின் பின்பக்கத்தில், சித்திரைத் திருவிழாவில் கள்ளழகரை ‘பரேட்’ செய்வதாக எழுதியிருக்கிறீர்கள். இதை உடனே நீக்குங்கள். இராணுவ அணிவகுப்புக்கு அச்சொல் தகும். ஆனால் ஒருவரை இன்னொருவர் ‘பரேட்’ செய்தார் என்றால், பிடிபட்ட கைதியை ஊர் பார்க்க நடத்திச் சென்றது போன்ற வாடை வந்துவிடும். அழகர் எழுந்தருளுகிறார், அவரை யாரும் வேடிக்கைப் பொருளாக்கி இழுத்துச் செல்வதில்லை. ‘டேக்கன் இன் ப்ரொசெஷன்’ என்றால் மரியாதை குறையாது. அதே பத்தியில் கருப்பசாமி கையில் ஓங்கிய அருவாளுக்கு ‘ப்ராண்டிஷ்’ போட்டிருப்பது மிகச் சரி. வாள் என்ற பொருளுள்ள பழஞ்சொல்லில் பிறந்த வினை அது; குடையையோ சேலையையோ விற்பதற்கு உதவாது.

‘போஸ்ட்’ என்பது இரண்டு முகம் கொண்டது. (கடிதம் போடும் போஸ்ட் அன்று, ‘பந்தா’வில் ஒலிக்கும் பகரத்தோடு சொல்ல வேண்டியது.) எழுவாய் மனிதரானால் தம்பட்டம் அடிப்பது என்று பொருள். எழுவாய் ஓர் இடமானால் பழிப்பு மறைந்து, பெருமைக்குரிய ஒன்றைப் பெற்றிருப்பது என்று ஆகிவிடும். மீனாட்சியம்மன் கோயில் பதினான்கு கோபுரங்களை ‘போஸ்ட்’ செய்கிறது என்று தாராளமாக எழுதலாம். ஆயிரங்கால் மண்டபத்தின் 985 தூண்களுக்கும் அப்படியே.

நீங்கள் விட்டுவிட்ட ஒரு சொல்தான் துணி வியாபாரத்துக்கு மிகவும் உதவக்கூடியது. ‘ஷோ ஆஃப்’ என்றால் பந்தா காட்டுவது என்று மட்டுமே நாம் பள்ளியில் படித்தோம். எழுவாய் மனிதராக இருந்து, அதன்பின் செயப்படுபொருள் வராவிட்டால் அப்பொருள்தான். ஆனால் எழுவாய் ஒரு பொருளாக இருந்தால், இன்னொன்றை எடுப்பாகக் காட்டுவது என்று பொருள் மாறும். துணியைச் சிறு முடிச்சுகளாகக் கட்டிச் சாயத்தில் முக்கி, முடிச்சை அவிழ்த்ததும் சாயம் ஏறாத புள்ளிகள் வெள்ளையாகத் தெரிகின்றன அல்லவா? ‘தி டார்க் ரெட் ஷோஸ் ஆஃப் தி ஒயிட் டாட்ஸ்’ என்று எழுதினால், அரக்குச் சிவப்பின்மேல் வெண்புள்ளிகள் எடுப்பாகத் தெரிவதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். புள்ளிகளைச் சொல்லாமல் ‘அவற்றை’ என்று மட்டும் சுட்டும்போது ‘ஷோஸ் தெம் ஆஃப்’ என்று நடுவில் போட வேண்டும். ‘ஷோஸ் ஆஃப் தெம்’ என்று எழுதக்கூடாது.

இனி உங்கள் முதல் வரி. ‘அவர் சுங்குடி சாரீஸ் ஆர் ஆன் டிஸ்ப்ளே அப்ஸ்டேர்ஸ்’ என்று மாடிக்கு வழி காட்டினாலே போதும். மற்ற இடங்களில் நீங்கள் முதலில் எழுதியிருந்த ‘ஷோ’வையே திரும்ப வைத்துவிடுங்கள். அது மூன்று முறை வந்தாலும் எந்த ஆங்கிலேயர் கண்ணையும் உறுத்தாது.