வில்டபீஸ்ட்களின் பெரும் இடப்பெயர்வைக் காண எந்த மாதத்தில், எங்கே செல்வது?

மாடு போன்ற தோற்றமுள்ள மான் இனமான வில்டபீஸ்ட்களின் மந்தைகள் தான்சானியாவின் செரெங்கெட்டிக்கும் கென்யாவின் மசாய் மாராவுக்கும் இடையே புல்லைத் தேடி ஆண்டு முழுவதும் சுற்றிக்கொண்டே இருப்பதால், எந்த நாட்டுக்குச் செல்வது என்பதை உங்கள் விடுமுறை மாதமே தீர்மானிக்கும். முதலைகள் காத்திருக்கும் மாரா ஆற்றை அவை கடப்பதைக் காண ஜூலை இறுதி முதல் அக்டோபர் வரை ஏற்ற காலம். ஆயினும் மந்தை கரைவரை வந்து, நெடுநேரம் நின்றுவிட்டுக் கடக்காமலேயே திரும்பிவிடுவதும் உண்டு என்பதால், அப்பகுதியில் மூன்று இரவுகளாவது தங்குவது நல்லது. என் தேர்வு பிப்ரவரி மாதம்தான்: செரெங்கெட்டியின் தெற்கே உள்ள நிடுட்டு சமவெளியில் கன்றுகள் பிறக்கும் அப்பருவத்தில், சிங்கங்களும் சிவிங்கிப்புலிகளும் வேட்டையாடுவதைக் காணும் வாய்ப்பு மிகுதி. இந்தியாவிலிருந்து செல்வோர் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குக் குறைந்தது 10 நாள்களுக்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். சான்றிதழின்றித் திரும்பினால் 6 நாள்கள் வரை தனிமைப்படுத்தப்படலாம்.