திருநெல்வேலியில அல்வா வாங்க மதியம் 1 மணிக்குப் போனப்ப இருட்டுக்கடை பூட்டியிருந்ததா? ஜங்ஷன்ல அதே மாதிரி பேர்ல ஒரு போர்டு பார்த்தீங்களா?

சாயங்காலம் 5 மணிக்கு மேல போங்க. நீங்க போன 1 மணிக்கு அந்தக் கடை எப்பவுமே திறக்காது. மூடிட்டாங்களோன்னு பயப்பட வேண்டாம்.

ஜங்ஷன்ல பார்த்த போர்டை நம்பி வாங்காதீங்க. அந்தப் பக்கம் பேர் ஒத்துவர்ற கடைகள் உண்டு. அசல் கடை டவுன்ல, கீழ ரத வீதியில, நெல்லையப்பர் கோயிலுக்கு எதிர்ல. பளபளப்பான போர்டைத் தேடினா தவறவிட்டுடுவீங்க, கூட்டத்தைத் தேடுங்க.

முதல்ல 100 கிராம் அல்வா மட்டும் சூடா வாங்கி அங்கேயே நின்னு சாப்பிடுங்க. விரல்ல நெய் இறங்கணும், பல்லுல ஒட்டாம வழுக்கணும். அப்புறம் ஒரு கை மிக்சர், திகட்டல் போயிடும்.

ஊருக்கு வாங்கினா ஃபிரிட்ஜ்ல வைக்காதீங்க, நெய் உறைஞ்சு இறுகிடும். ராத்திரி ரயிலுன்னா தாமதிக்காதீங்க. சரக்கு சீக்கிரமே தீர்ந்துடும்.