செல்போனுக்கு உங்கள் மகளின் முகம் தெரியாது

கேள்வி: என் மகளுக்கு 10 மாதம். ஏற்றுமதி கம்பெனி வேலைக்கு நான் திரும்பி மூன்று மாதமாகிறது. மாமியார்தான் பார்த்துக்கொள்கிறார். செல்போனில் பாட்டு ஓடினால்தான் சாப்பிட வாயே திறக்கிறாள். அதுவும் படிப்புதானே என்கிறார் கணவர். '3 வயதோடு மூளை வளர்ச்சி முடிந்துவிடும்' என்று வாட்ஸ்அப்பில் வந்ததைப் பார்த்துப் பயந்து, 4,000 ரூபாய்க்குப் பட அட்டைகள் வாங்கிவிட்டேன். வேலையை விட்டுவிடட்டுமா?
– வாசகி, கரூர்

பதில்: வேலையை விட வேண்டாம். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மீதியை நிதானமாகப் படிப்பீர்கள்.

வாட்ஸ்அப்பில் வந்தது பாதி உண்மை. பிறக்கும்போது கால்வாசியாக இருக்கும் மூளை, 2 வயதிலேயே பெரியவர்களின் அளவில் முக்கால்வாசியைத் தாண்டிவிடும். அளவு வேறு, வேலை வேறு. கீரை விதையை நெருக்கமாகத் தூவி, முளைத்த பிறகு கலைத்துவிடுகிறோம் இல்லையா? மூளையும் நரம்பு இணைப்புகளை முதலில் ஏராளமாக முளைக்கவிட்டு, புழங்குவதை வைத்துக்கொண்டு புழங்காததைக் கழிக்கிறது. பார்வைக்கும் பேச்சொலிக்கும் இந்த வேலை சீக்கிரமே நடக்கிறது. யோசித்து முடிவெடுக்கும் பகுதி முதிர 20 வயதுக்கு மேலும் ஆகும். 3 வயதில் யாரும் கதவைச் சாத்துவதில்லை.

பேச்சொலிக்கு ஓர் உதாரணம். 1984-இல் கனடாவில் ஜேனட் வெர்க்கர் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள் 6-8 மாதத்தில் இந்தியின் 'ட', 'த' ஒலிகளைப் பிரித்தறிந்தார்கள். 10-12 மாதத்துக்குள் அந்தத் திறமை பெரும்பாலும் போய்விட்டது. வீட்டில் அந்த ஒலிகள் புழங்கவில்லை, அவ்வளவுதான். உங்கள் மகள் பட்டு வேறு, பத்து வேறு என்று காது பழகிக்கொண்டிருக்கும் நேரம் இது.

'அப்போ வீடியோவில் கேட்கட்டுமே' என்பார் உங்கள் கணவர். அவருக்கான பதில் 2003-இல் பட்ரீஷியா குல் அமெரிக்காவில் செய்த சோதனையில் இருக்கிறது. 9 மாதக் குழந்தைகளோடு சீன மொழி பேசுபவர்கள் நேரில் உட்கார்ந்து, புத்தகம் காட்டி விளையாடினார்கள். மொத்தம் 12 தடவை. குழந்தைகள் சீன ஒலியைப் பிடித்துக்கொண்டார்கள். அதே ஆட்களை, அதே பேச்சை டிவியில் காட்டியபோது ஒன்றும் ஏறவில்லை. உங்கள் மகள் 'பா' என்றால் அத்தை திரும்பிப் பார்த்து 'பாவா? பாலா வேணும்?' என்பார். பாட்டு வீடியோ அவள் அழுதாலும் சிரித்தாலும் ஒரே மாதிரி ஓடும். 1 வயதுக்குள் திரையே வேண்டாம் என்று 2019-இல் உலக சுகாதார நிறுவனமும் சொல்லிவிட்டது. வெளியூர்த் தாத்தாவோடு வீடியோ காலில் பேசுவது வேறு கணக்கு, அங்கே எதிரில் ஆள் இருக்கிறார்.

அதற்காக அத்தையைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்த வயதில் தவழும் குழந்தையின் பின்னால் கிண்ணத்தோடு அலைவது சும்மா இல்லை. அவரிடமே கேளுங்கள், உங்கள் கணவருக்கு எப்படி ஊட்டினார் என்று. உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, விரல் விரலாகப் பங்கு வைத்து, கைமேல் நண்டு ஊர்ந்துபோய் அக்குளில் கிச்சுகிச்சு மூட்டுவாரே, அந்த விளையாட்டு நிச்சயம் ஞாபகம் இருக்கும். நண்டு முழங்கையைத் தாண்டும்போது குழந்தையின் முகத்தைப் பாருங்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு, அடுத்து வரப்போவதை எதிர்பார்த்து, பாட்டியின் கண்ணையே பார்த்துக்கொண்டிருக்கும். மூளைக்கு வேண்டியது அதுதான்.

போனை நிறுத்திய முதல் நாலைந்து நாள் ரகளை இருக்கும், சாப்பாடும் குறையும். விடுமுறையில் ஆரம்பியுங்கள், அந்தப் பாடு அத்தை ஒருவர் தலையில் விழக்கூடாது. திண்ணையில் உட்காரவைத்து, அவளே சோற்றில் கையை விட்டு அளையட்டும். 20 நிமிடத்துக்குமேல் போராட வேண்டாம். மாலையில் வந்ததும் அரை மணி நேரம் உங்கள் போனும் அலமாரியில் இருக்கட்டும்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். சத்தத்துக்கோ பேர் சொல்லிக் கூப்பிட்டாலோ திரும்பவில்லை, மழலையே இல்லை என்றால் குழந்தை மருத்துவரிடம் காட்டிக் காதைப் பரிசோதித்துவிடுங்கள்.

அந்த 4,000 ரூபாய் அட்டைகளா? கடித்து விளையாடட்டும். ஓரம் கூராக இருக்கிறதா, சாயம் போகிறதா என்று மட்டும் பார்த்துக் கொடுங்கள்.